சீரொளியும் நம் தோலும்

மலாக்கா மாநகரின் கடைவீதிகளில் மட்டுமன்றி, ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற சிறு பட்டணங்களிலும் 'லேசர்' என்னும் சொல் இன்று அழகு நிலையங்களின் விளம்பரப் பலகைகளில் காணப்படுகின்றது. கைப்பேசி வாயிலாக அது தோட்ட வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. திருமணத்திற்கு நாள் குறித்த வீடுகளில் பெண்ணின் முகத்தைப் 'பளிச்சென்று' ஆக்கிவிட வேண்டும் என்னும் பேச்சு எழுகின்றது. பத்து முறைக்கெனப் பெருந்தொகை முன்பணமாகக் கைமாறுகின்றது. மறுபுறம், "அந்த ஒளி பட்டால் புற்றுநோய் வருமாமே, ஐயா?" என்று அஞ்சிக் கேட்பவர்களும் உளர். பேராசை, பேரச்சம் ஆகிய இரண்டுமே அந்த ஒளியின் தன்மையை அறியாமையால் விளைபவை. ஆகவே, முதலில் அதனை அறிந்து கொள்வோம்.

லேசர் என்பதைத் தமிழில் 'சீரொளி' என அழகாகப் பெயரிட்டுள்ளனர். பெயரே பொருளை விளக்குகின்றது. நம் வீட்டு மின்விளக்கின் ஒளி, வாரச் சந்தையில் திரியும் கூட்டத்தைப் போன்றது. பல நிறங்கள் கலந்து, பல திசைகளில் சிதறிச் செல்லும். சீரொளியோ, பள்ளி விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பைப் போன்றது. ஒரே நிறம், ஒரே திசை, ஒரே காலடி. அதனால்தான் அதன் ஆற்றல் முழுவதையும் ஒரு சிறு புள்ளியின் மீது செலுத்த இயலுகின்றது.

இதற்கான அடிப்படைக் கருத்தை 1917-இல் ஐன்ஸ்டைன் வெளியிட்டார். எனினும், 1960-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் தியோடர் மைமன் என்னும் அமெரிக்க அறிஞர் செம்மணிக் கல்லைக் கொண்டு முதல் சீரொளிக் கருவியை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே லியோன் கோல்ட்மன் என்னும் தோல் மருத்துவர் அதனை மனிதத் தோலில் பயன்படுத்தி ஆராயத் தொடங்கினார். 1964-இல் கரியமில வாயுச் சீரொளியை உருவாக்கியவர், மகாராஷ்டிர மாநிலத்துப் பாராமதியில் பிறந்து அமெரிக்கா சென்ற குமார் பட்டேல் ஆவார். மருக்களை அகற்றவும், பருத் தழும்புகளைச் சமன் செய்யவும் அவ்வகைக் கருவி இன்றும் பயன்படுகின்றது.

ஆயினும், தொடக்கக் காலச் சிகிச்சைகளில் தோல் வெந்து தழும்பேறுவது பெருங்குறையாக இருந்தது. அதற்கு வழி கண்டவர்கள் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள். 1983-இல் அவர்கள் வெளியிட்ட கொள்கையே இன்றைய சிகிச்சைகளுக்கு அடித்தளம். அதனை நம் அன்றாட வாழ்விலிருந்தே விளக்கலாம். கொளுத்தும் வெயிலில் கறுப்புச் சட்டையும் வெள்ளைச் சட்டையும் அணிந்த இருவர் நிற்கின்றனர். கறுப்புச் சட்டைக்காரருக்கே சூடு மிகுதி. ஏனெனில், கறுமை ஒளியை ஈர்க்கும். அதுபோலவே, தோலில் உள்ள எந்தப் பொருளை அழிக்க வேண்டுமோ, அப்பொருள் மட்டும் மிகுதியாக ஈர்க்கக்கூடிய நிறத்து ஒளியைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அடுத்தது நேரம். சூடான தோசைக்கல்லைச் சட்டெனத் தொட்டுக் கையை எடுப்பதற்கும், கையை அதன் மேலேயே வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். ஒளியை நொடியின் மிகச் சிறு பகுதி நேரமே பாய்ச்சினால், குறித்த பொருள் மட்டும் சூடேறிச் சிதையும். அருகிலுள்ள தசை தப்பிவிடும்.

நம்மவர்க்கு இங்கேதான் சிக்கல் எழுகின்றது. நம் தோலின் மேலடுக்கிலேயே மெலனின் என்னும் நிறமி நிறைந்துள்ளது. மயிர்க்காலில் உள்ள கறுமையைத் தேடிச் செல்லும் ஒளியை, வழியிலேயே நம் தோலின் நிறமி ஈர்த்துக்கொள்கின்றது. விளைவாக மேல்தோல் வெந்து கொப்புளிக்கலாம். ஆறிய இடம் முன்னிலும் கறுத்துப் போகலாம். சில வேளைகளில் வெளுத்தும் போகலாம். தோலின் வகைகளைப் பிரித்துக் காட்டும் அட்டவணையை 1975-இல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்னும் மருத்துவர் வகுத்தார். ஆறு வகைகளைக் கொண்ட இன்றைய அட்டவணையில், தமிழர்களுள் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளுள் அடங்குவர். வெளிர்நிறத் தோலுக்கு வைக்கும் அளவை அப்படியே நமக்கும் வைத்தால் தீங்கு நேரும். மயிர் நீக்கத்திற்கு 755 நானோமீட்டர் அலைநீளமுள்ள அலெக்சாண்ட்ரைட் கருவி வெளிர்நிறத்தாருக்குச் சிறந்தது. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் கருவியே கருநிறத் தோலுக்குப் பாதுகாப்பு மிகுந்தது. அது ஆழமாகச் செல்லும். மேல்தோல் நிறமி அதனைக் குறைவாகவே ஈர்க்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் கையில் கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் பயனில்லை.

இனி, மக்களிடையே உலவும் தவறான எண்ணங்களைக் காண்போம்.

கருநிறத்தைச் சீரொளி நிரந்தரமாக வெளுப்பாக்கும் என்பது அவற்றுள் தலையாயது. நிறமியைச் சுரக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்தாருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை சுரக்கும் நிறமித் துகள்களின் அளவிலும் வகையிலுமே வேறுபாடு உள்ளது. அது பெற்றோர் வழி வந்த அமைப்பு. எந்த ஒளியும் அதனை மாற்றி அமைக்காது. கரும்புள்ளி, மச்சம், தழும்பு என ஓரிடத்துக் குறையைச் சீர்செய்யவே சீரொளி உதவும். "உடல் முழுவதும் வெள்ளையாகும்" என்று எவரேனும் உறுதி கூறினால், பணப்பையை மூடிக்கொண்டு திரும்பிவிடுதல் நன்று.

கன்னத்தில் தோன்றும் மங்கு பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. பிள்ளைப்பேற்றுக் காலத்திலும், வெயிலில் உழைக்கும் பெண்களிடத்தும் இது மிகுதி. பால்மரக் காடுகளில் விடியற்காலையில் வேலை தொடங்கி நிழலிலேயே பெரும்பகுதி முடிந்த காலம் ஒன்று உண்டு. இன்று செம்பனைத் தோட்டங்களிலும் நாற்றுப் பண்ணைகளிலும் வெயிலுக்கு முகங்கொடுத்தே உழைக்க வேண்டியுள்ளது. மங்கு சீரொளியால் சில காலம் மங்கித் தோன்றினும், பெரும்பாலும் திரும்பி வரும். தவறான அளவில் பாய்ச்சினால் மேலும் அடர்ந்து கறுக்கும். அகன்ற விளிம்புத் தொப்பி, வெயில் தடுப்புப் பூச்சு, மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள் ஆகியவையே இதற்கு முதற்படி. வெயிலைத் தடுக்காமல் மங்குக்குச் சிகிச்சை பெறுவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பது போன்றதாகும்.

சீரொளியால் புற்றுநோய் வரும் என்பது மற்றோர் அச்சம். எக்ஸ்ரே கதிர் உயிரணுக்களின் மரபுப் பொருளைத் தாக்கவல்லது. தோல் சிகிச்சையில் வழக்கமாகப் பயன்படும் சீரொளியோ கண்ணுக்குத் தெரியும் ஒளி, அகச்சிவப்பு ஒளி ஆகிய வகைகளைச் சேர்ந்தது. அது சூட்டையே உண்டாக்கும். உண்மையில் அஞ்ச வேண்டியது கண்ணுக்கு நேரும் கேட்டிற்கே. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே இமை மூடிக் காத்துக்கொள்ளவும் வழியில்லை. விழித்திரையில் ஒருமுறை பட்டாலே பார்வை நிரந்தரமாகக் கெடலாம். அந்தந்த அலைநீளத்திற்கு ஏற்ற காப்புக் கண்ணாடியை நோயாளியும் சிகிச்சை அளிப்பவரும் அணிந்திருத்தல் வேண்டும். சாதாரணக் குளிர்கண்ணாடி இதற்கு உதவாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கைக்கருவிகளை வாங்கி வீட்டில் சோதித்துப் பார்ப்பது எத்துணை ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஒரே முறையில் முடிந்துவிடும் என்பதும் தவறு. மயிர் வளர்ச்சிக்குப் பருவங்கள் உண்டு. வளரும் பருவத்தில் உள்ள மயிர்க்கால்களையே ஒளி தாக்கும். உறங்கும் மயிர்க்கால்கள் பின்னர் முளைக்கும். ஆகையால் சில வார இடைவெளியில் ஆறு முறையோ அதற்கு மேலோ செய்ய நேரும். அவ்வாறு செய்தும் கிடைப்பது நீண்ட காலக் குறைவே அன்றி முற்றான ஒழிப்பு அன்று. நரைத்த மயிரில் நிறமி இல்லாமையால் ஒளிக்கு அங்கு வேலையே இல்லை. இளம்பெண்களுக்கு முகத்தில் திடீரென மயிர் அடர்ந்து, மாதவிலக்கும் தவறுமாயின், அது சினைப்பையில் நீர்க்கட்டி போன்ற உட்காரணத்தின் அறிகுறியாக இருக்கலாம். அதற்குரிய மருத்துவம் முதலில் தேவை.

நம் பாட்டிமார் கையில் குத்திக்கொண்ட பச்சையைப் பற்றியும் சிலர் வினவுவர். கரி மையால் குத்திய பச்சை, மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் சீரொளிக்கு நன்கு இணங்கும். ஒளி மைத்துகள்களைப் பொடியாக்கும். உடலின் காவல் அணுக்கள் அவற்றைச் சிறிது சிறிதாக அப்புறப்படுத்தும். இன்றைய பிள்ளைகள் குத்திக்கொள்ளும் பல வண்ணப் பச்சையில் மஞ்சள், வெளிர்பச்சை ஆகிய நிறங்கள் எளிதில் மறையா. குத்துவதற்கு ஆன செலவைவிட அழிப்பதற்கு ஆகும் செலவு பன்மடங்கு.

தோலில் வெளிறிய தேமல் போன்ற திட்டு தோன்றினால் என்ன செய்வது? பலர் அழகு நிலையத்திற்கு ஓடுகின்றனர். சிலர் மறைத்துக்கொண்டு வீட்டிலேயே முடங்குகின்றனர். அது பூஞ்சையால் வரும் தேமலாக இருக்கலாம், வெண்புள்ளியாக இருக்கலாம். வெண்புள்ளி தொற்றுநோய் அன்று. தொழுநோயோடு அதற்கு எவ்வித உறவும் இல்லை. 308 நானோமீட்டர் புற ஊதாச் சீரொளியால் அதற்கே சிகிச்சையும் அளிக்கப்படுகின்றது. ஆனால், வெளிறிய இடத்தில் தொடு உணர்ச்சி குன்றியிருந்தால், ஒரு நாளும் தாமதியாமல் அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குச் செல்லுதல் வேண்டும். அது தொழுநோயாக இருக்கக்கூடும். 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால் அந்நோய் முற்றாகக் குணமாகின்றது. காலந்தாழ்த்தினால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கும். அத்தகைய திட்டின் மீது ஒளி பாய்ச்சி மாதங்களை வீணாக்கினால் இழந்த காலம் திரும்பாது. குடிமக்களுக்கு அரசாங்க கிளினிக்கில் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளியே. தேவையெனில் மருத்துவர் கடிதம் கொடுத்துத் தோல் நிபுணரிடம் அனுப்பி வைப்பார்.

சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே உள்ளது. அழகியல் மருத்துவத்திற்கான வழிகாட்டி நெறிகளைச் சுகாதார அமைச்சு 2013-இல் வெளியிட்டது. அவற்றின்படி, பதிவு பெற்ற மருத்துவர், அதிலும் எல்.சி.பி. எனப்படும் தகுதிச் சான்று பெற்றவரே இச்சிகிச்சையை அளித்தல் வேண்டும். ஒப்பனைப் பயிற்சிச் சான்றிதழ் சுவரில் எத்தனை மாட்டியிருந்தாலும் அது இதற்கு ஈடாகாது. பதிவு பெறாத இடத்தைத் தனியார் கிளினிக்காக நடத்துவோர்க்கு, 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின் கீழ் மூன்று லட்சம் வெள்ளி வரை அபராதமோ, ஆறு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, நாற்காலியில் அமருமுன் மருத்துவரின் பெயரையும் சான்றையும் கேட்டறிவது நம் உரிமை. கேட்டால் முகம் சுளிப்பாரேயானால், அதுவே நமக்குப் போதுமான விடை.

மருத்துவரிடம் நாமும் சிலவற்றை மறைக்கலாகாது. முன்பு வெட்டுக்காயமோ அம்மை வடுவோ தடித்துப் புடைத்த வரலாறு, பருவுக்காக உட்கொள்ளும் மாத்திரை, கருவுற்றிருத்தல், அண்மையில் வெயிலில் கறுத்தமை ஆகியவற்றை முன்கூட்டியே கூற வேண்டும். முதலில் காதோரத்திலோ தாடைக்கு அடியிலோ சிறிதளவு ஒளி பாய்ச்சிச் சில நாள் பொறுத்துப் பார்க்குமாறு கேட்பதும் தகும். சிகிச்சைக்குப் பின் கொப்புளம் எழுந்தால் பற்பசை, சோயா சாறு, காப்பித்தூள் ஆகியவற்றைப் பூசுதல் கூடாது. குழாய் நீரை இருபது நிமிடம் மெல்ல ஓடவிட்டுக் குளிரச் செய்து, அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டும். கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம். சிகிச்சை அளித்த இடத்தின் பெயர், தேதி, பற்றுச்சீட்டு, புண்ணின் படம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டால், மாநில சுகாதார இலாகாவில் புகார் அளிக்கும்போது அவை பயன்படும்.