எருவும் கழிவும்

சோழநாட்டு உழவர்க்குக் கால்நடையின் சாணம் கழிவன்று. விலைகொடுத்துப் பெறும் பொருள். அறுவடை முடிந்து வயல்கள் வெறிதாய்க் கிடக்கும் கோடையில், இராமநாதபுரச் சீமையினின்று கீதாரிகள் ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப்படுகைக்கு வருவர். இரவில் வயலிற் கிடை போடுவர். நிலமுடையார் அதற்குக் கூலி அளிப்பர். சில நாளிற் கிடை அடுத்த வயலுக்குப் பெயரும். இப்பெயர்ச்சியிலேதான் அம்முறையின் நுட்பம் முழுதும் அடங்கியுள்ளது. மந்தை எத்துணைப் பெரிதாயினும், அதன் புழுக்கையை ஏற்பதற்கு நிலம் முன்னே காத்துக் கிடக்கிறது. ஓரிடத்தில் அளவுக்கு மிஞ்சிக் குவிவதற்கு இடமில்லை. உழுதலினும் எருவிடுதல் நன்று என வள்ளுவர் கருதியதை நம் குடியானவர் ஏட்டைப் பாராமலே கைக்கொண்டு வந்தனர் எனலாம்.

நிற்க. கால்நடை பெருந்தொகையாய் ஒரு கொட்டிலில் அடைபடும்போது, அப்பொருளே வேறாகிவிடுகிறது. 400 கிலோ எடையுள்ள மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ வரை சாணம் இடும். 200 மாடுகள் நிற்கும் பால்பண்ணையில் ஒரு நாளைக்கே 3,000 கிலோவுக்குக் குறையாது. அதனை ஏற்க அருகில் வயலில்லையேல், அது சாக்கடை வழியே குளத்தையும் ஆற்றையும் சேரும். இதுபற்றியே மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தார் 2020-ஆம் ஆண்டில் பால்பண்ணைகளுக்கும் கோசாலைகளுக்கும் நெறிமுறைகள் வகுத்து, சாணத்தை உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றுமாறு கூறினர்.

நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடலோரத்தில் இவ்வினா வேறோர் உருவில் எழுந்தது. அங்கே பெருகியது மாடன்று, இறால். இறாலும் தீனியிட்டு வளர்க்கப்படும் உயிரே. ஆகலின் அதற்கும் எச்சம் உண்டு. தின்னாது எஞ்சிய தீனியும், கழித்த மலமும், உரித்த தோடும் குட்டையின் அடியிற் கருஞ்சேறாய்ப் படிகின்றன. இச்சேற்றினின்று அம்மோனியாவும், அழுகிய முட்டைபோல் நாறும் கந்தக வாயுவும் பிறக்கும். மாட்டுச்சாணத்தை வயல் ஏற்கும், இச்சேற்றை ஏற்காது. காரணம் உப்பு. உவர்நீரில் ஊறிய சேறு நெல்வயலிற் புகின் பயிர் கருகும். குட்டையினின்று கசியும் நீரோ அயலிலுள்ள கிணற்றையும் கெடுக்கும். எருவாகத் திரும்ப வழியற்ற எச்சம் என்பதே இத்தொழிலின் முதற்குறை.

தஞ்சைப் பகுதியில் நிலமற்றோர்க்காக உழைத்த சர்வோதயத் தொண்டர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி தீர்ப்பளித்தது. பழைய முறைப் பண்ணைகளும், அவற்றையே சிறிது திருத்தியமைத்த பண்ணைகளும் நீங்கலாக, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அமைந்த ஏனைய இறாற்பண்ணைகளை அகற்றவேண்டும் எனவும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் அலையாத்திக் காட்டையும் இறாற்குட்டையாக்கலாகாது எனவும் ஆணையிட்டது. ஆயினும் விவகாரம் அதனோடு முடியவில்லை. 2005-ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், பண்ணைகளை ஒழிக்காமல், பதிவுக்கும் விதிகளுக்கும் உட்படுத்தியது. கடற்கரை மண்டலத்துள் 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் நீர்ப்பரப்புள்ள பண்ணை, கழிவுநீரைத் தெளியவைக்கும் குட்டை அமைத்தல் வேண்டும் என்பது அதன்கீழ் வகுத்த நெறிகளுள் ஒன்று.

இவ்வளவுகோல் எமக்கு முற்றும் மனநிறைவு தரவில்லை. ஒரே வாய்க்காலின் கரையில் 4 ஹெக்டேர்ப் பண்ணைகள் பத்து இருப்பின், அவை சேர்ந்து 40 ஹெக்டேர்க் கழிவைக் கொட்டும். எனினும் தனித்தனியே ஒன்றும் அவ்வரம்பை எட்டாது. கீதாரி மந்தையை மட்டும் எண்ணுவதில்லை; அது படுக்கும் நிலத்தையும் சேர்த்தே எண்ணுகிறான். சட்டமும் பண்ணையின் பரப்பை அளப்பதோடு நில்லாது, கழிவு விழும் வாய்க்கால் எவ்வளவு தாங்கும் என்பதை அளத்தல் வேண்டும்.

கோடியக்கரையை நோக்குவார்க்கு இதன் அவசியம் விளங்கும். காவிரிப்படுகையின் தென்கோடியாகிய அவ்விடம் 1967-இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. 2002-இல் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வெளிமான்கள் மேயும் புல்வெளிக்கு அணித்தே, பல்லாயிரம் வலசைப் பறவைகள் இரைதேடும் சதுப்பு பரந்துள்ளது. சதுப்பின் நீர் ஆறுபோல் ஓடுவதன்று, தேங்குவது. வந்து புகுந்த எச்சம் எளிதில் வெளியேறாது.

2023-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், விதி மீறுவோர்க்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்த சிறைத்தண்டனை நீங்கி, பணத்தண்டமே நிலைத்தது. தண்டம் எதுவாயினும் குற்றம் கண்டறியப்படுதல் முதலில் வேண்டுமன்றோ? இறால் பிடிக்கும் நாளிற் குட்டையைத் திறந்துவிடுங்கால், கடைசியில் வடியும் நீரோடுதான் அடிச்சேறு மிகுதியும் வெளிப்படும். நீரைச் சோதிக்கும் அதிகாரிகள் அந்நாளிற் செல்லுதல் வேண்டும். ஏனைய நாள்களிற் குப்பியில் எடுக்கும் நீர் பெரும்பாலும் தெளிந்தே காணப்படும்.