பால்புட்டி வந்த கதை



உங்கள் வீட்டில் எத்தனை புட்டிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க்கு ஒன்று, நல்லெண்ணெய்க்கு ஒன்று, இருமல் மருந்துக்கு ஒன்று, வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஒன்று. ஊறுகாய் தீர்ந்துபோனால் புட்டியைக் கழுவிக் காயவைத்து அதிலேயே கடுகு போட்டு வைப்போம். உடையாத வரைக்கும் புட்டி உழைக்கும். நல்ல சாமான்தான்.

ஆனால், ஒரே ஒரு புட்டி மட்டும் வீட்டுக்குள் வராமல் இருப்பதே நல்லது. அதுதான் பால்புட்டி. பிள்ளை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் ஆசையாய் வாங்கி வருகிற புட்டி. அது எப்படி வந்தது, ஏன் வேண்டாம் என்கிறோம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

பழைய காலத்தில்

தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைக்கு வேற்றுப் பால் கொடுக்க மனிதர்கள் வெகுகாலமாகவே பாத்திரம் செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் பவேரியா என்ற பகுதியில், சுமார் 2,500 ஆண்டுகளுக்கும் அதற்கும் முந்திய குழந்தைகளின் புதைகுழிகளிலிருந்து, மூக்கு வைத்த சின்ன மண் குடுவைகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள், உள்ளே விலங்குப் பாலின் கொழுப்பு ஒட்டியிருந்ததை 2019இல் வெளியிட்டார்கள். நம் பாட்டிமார்களோ சங்கிலும் பாலாடையிலும் புகட்டினார்கள்.

1845ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த எலைஜா பிராட் என்பவர் ரப்பர் காம்புக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு இங்கிலாந்தில் ஒரு புதுமாதிரிக் கண்ணாடிப் புட்டி வந்தது. புட்டியிலிருந்து நீளமான ரப்பர் குழாய். குழாயின் நுனியில் காம்பு. பிள்ளையின் பக்கத்தில் புட்டியை வைத்துவிட்டால் பிள்ளை தானே சப்பிக் குடிக்கும். தாய் வேறு வேலை பார்க்கலாம். எவ்வளவு வசதி என்று எல்லோரும் வாங்கினார்கள்.

அந்தக் குழாயைக் கழுவத்தான் வழி இல்லை. உள்ளே பால் தங்கிப் புளித்தது. கிருமி பெருகியது. குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, பலர் இறந்தார்கள். 'கொலைகாரப் புட்டி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பிரான்ஸ் நாடு 1910இல் அதைத் தடை செய்தது.

1939இல் சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலை நிறுத்தி டின் பால் கொடுக்கச் சொல்லும் விளம்பரத்தால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று துணிந்து சொன்னார். உலக சுகாதார அமைப்பு இந்த விளம்பரங்களுக்குக் கட்டுப்பாட்டு நெறிமுறை வகுத்தது 1981இல். நம் நாட்டில் 1992இல் சட்டம் வந்தது. 2003இல் அது மேலும் கடுமையாயிற்று. பால்புட்டிக்கும் குழந்தைப் பால்பவுடருக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. பவுடர் டப்பாவில் குழந்தை படம்கூடப் போடக் கூடாது.

இன்றைய புட்டியில் குழாய் இல்லையே?

நீங்கள் இப்படிக் கேட்கலாம். குழாய் போய்விட்டது, குறை போகவில்லை.

1. காம்பின் ஓட்டையிலும், மூடியின் மரையிலும் பாலாடை படிகிறது. வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது. ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை அழும்போது யார் அடுப்பு மூட்டுவது?

2. பவுடர் விலை அதிகம். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு கரண்டி குறைத்து, தண்ணீரைக் கூட்டிக் கரைப்பவர்கள் உண்டு. பிள்ளை வயிறு நிறையும், உடம்பு தேறாது.

3. புட்டியில் சப்புவது வேறு, மார்பில் சப்புவது வேறு. புட்டி பழகிய பிள்ளை மார்பைப் பிடிக்கத் தடுமாறும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்புவது குறைந்தால் சுரப்பதும் குறையும்.

"எனக்குப் பாலு பத்தலீங்க"

கிராம சுகாதார செவிலியரிடம் தாய்மார்கள் அடிக்கடி சொல்வது இது.

"எனக்குப் பாலு பத்தலீங்க சிஸ்டர். புள்ள அழுதுகிட்டே இருக்கு. அத்தை புட்டி வாங்கியாரச் சொல்றாங்க."

"அழுகை எல்லாம் பசி அழுகை இல்லம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவுது?"

"ஏழெட்டுத் தடவை போவுதுங்க."

"எடை?"

"போன மாசத்துக்கு இந்த மாசம் முக்கால் கிலோ ஏறியிருக்குதுங்க."

"அப்புறம் என்னம்மா? பாலு தாராளமாப் பத்துது. ராத்திரியும் விடாமக் குடு. அத்தைகிட்ட நான் பேசுறேன்."

தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, முதல் மாதங்களில் மாதம் அரைக் கிலோவாவது எடை கூடினால் பால் போதுகிறது என்று அர்த்தம். இரண்டும் குறைந்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். மஞ்சளாய் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விடாதீர்கள். நோயைத் தடுக்கும் சக்தி அதில்தான் நிறைய இருக்கிறது. சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான். கோடையிலும் அது போதும். ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பருப்பு ஆரம்பித்து, இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடருங்கள்.

வேலைக்குப் போகும் தாய்

"களை எடுக்கப் போகணுமே, பிள்ளைக்கு யார் பால் கொடுப்பது?" நியாயமான கேள்வி. புறப்படும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் டம்ளரில் பாலைப் பீய்ச்சி மூடி வையுங்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் நாலு மணி நேரம் வரை கொடுக்கலாம். காய்ச்ச வேண்டாம். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் பிள்ளையின் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டட்டும். வாயில் ஊற்றக் கூடாது. பாலாடைக்கு வாய் அகலம். விரல் விட்டுத் தேய்க்கலாம். அழுக்கு ஒளிய இடமில்லை. மருத்துவர் சொல்லி வேற்றுப் பால் கொடுக்க நேர்ந்தாலும் பாலாடையே போதும்.

அடுத்த பிள்ளையும் புட்டியும்

தம்பதிகள் இருவரும் சேர்ந்து தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. மூன்று நிபந்தனைகள்: பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருக்க வேண்டும், தாய்க்கு மாதவிலக்கு திரும்பாமல் இருக்க வேண்டும், பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருந்தால், அந்தக் காலத்தில் கரு உண்டாகாமல் இருக்க 98 சதவீதம் பாதுகாப்பு உண்டு என்று 1988இல் இத்தாலியில் கூடிய நிபுணர்கள் முடிவு கண்டார்கள்.

மூன்றில் ஒன்று போனாலும் பாதுகாப்பு போய்விட்டது. புட்டி உள்ளே வந்தால் தாய்ப்பால் குறைகிறது. மாதவிலக்கு சீக்கிரம் திரும்புகிறது. கைக்குழந்தை தவழுமுன் அடுத்தது வயிற்றில் உண்டாகிவிடலாம். தாயின் உடம்பு தாங்குமா? ஆகவே, ஆறு மாதம் ஆவதற்கு முன்பே காப்பர்-டி, நிரோத் போன்ற முறைகளில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று செவிலியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று வருஷமாவது இடைவெளி இருக்கட்டும்.

கணவன்மார்களே! சந்தையில் புட்டி வாங்கும் காசுக்கு மனைவிக்குக் கீரையும், பருப்பும், முட்டையும் வாங்கி வாருங்கள். பால் கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வையுங்கள். மூத்த பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த உதவியும் தாய்க்குப் பெரிய ஊட்டம்.

ஏற்கெனவே பால்புட்டி வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை, பரணில் ஏற்றிவிடுங்கள். பாட்டி வைத்திருக்கும் பாலாடையைத் துலக்கி எடுத்துக் கொள்ளுங்கள்.

புட்டியில் எண்ணெய் இருக்கட்டும்! பிள்ளைக்குத் தாய்ப்பால் கிடைக்கட்டும்!