ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக் அல்ல

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று எங்கே போனாலும் இதே பேச்சு: "ரேஷன் அரிசியைக் களைஞ்சா சிலது மிதக்குது, அது பிளாஸ்டிக் அரிசி." முறத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறார்கள். படித்தவர்களே வீடியோவைப் பரப்புகிறார்கள். போதும், நிறுத்துங்கள். நீங்கள் எறிவது உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய இரும்புச்சத்தை.

அதன் பெயர் செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் பிழிந்து, அரிசி வடிவில் வெட்டி உலர்த்துகிறார்கள். 100 கிலோ அரிசிக்கு இது 1 கிலோ. கலந்த அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. மாவிலிருந்து செய்த மணி, நெல்லில் விளைந்த மணிபோல இறுகியிருக்காது. அதனால்தான் மிதக்கிறது, நிறமும் சற்று மாறுகிறது.

சோற்று உருண்டை துள்ளுகிறதா? அது மாவுச்சத்தின் பசை. எந்தச் சோறும் துள்ளும். பிளாஸ்டிக்கைத் தீயில் காட்டினால் உருகிச் சொட்டும்; அரிசி கருகும். பிளாஸ்டிக் எந்த உலையிலும் வெந்து சோறாகாது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. பயப்பட வேண்டியது இதற்குத்தான். தலசீமியா, அரிவாள் செல் நோய் உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசியை மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

உணவைப் பற்றிய மற்ற தவறான நம்பிக்கைகள் சுருக்கமாக:

நம்பிக்கை: பளிச்சென்ற மஞ்சள் வெல்லமே சுத்தமானது.
உண்மை: அந்தப் பளபளப்பு பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்தது. பழுப்பு வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: பழுக்க வைத்த மாம்பழம் எல்லாமே விஷம்.
உண்மை: கார்பைடு கல்லுக்குத் தடை உண்டு. அளவான எத்திலீன் வாயுவுக்கு அனுமதி உண்டு. பழம் தானாகவே வெளிவிடும் வாயுதான் அது.

நம்பிக்கை: அஜினமோட்டோ துளி பட்டாலே ஆபத்து.
உண்மை: அதிலுள்ள குளுட்டமேட் தக்காளியிலும் இருக்கிறது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உணவில் அஜினமோட்டோவைச் சேர்க்கக் கூடாது.

செறிவூட்டிய அரிசி மட்டும் ரத்தசோகையைத் தீர்த்துவிடுமா? தீர்க்காது. நம் மண்ணின் தானியத்தைத் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் இரும்பு 4.6 மில்லிகிராம், கால்சியம் 364. தீட்டிய அரிசியிலோ இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. 2023-ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகை ரேஷனில் கொடுக்கத் தொடங்கினார்கள். மாநிலத்துக்கே வழிகாட்ட வேண்டிய திட்டம் அது. கடையில் கேழ்வரகைக் கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். வாரத்தில் நான்கு நாளாவது களி கிண்டுங்கள், கீரை கடைந்து வையுங்கள். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். அது இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். மிதக்கும் அரிசியைப் பொறுக்காமல் உலையில் போடுங்கள்.