மலாக்கா கற்பிக்கும் பாடம்



தீபகற்பத்தின் தென்மேற்குக் கரையில் நீரிணையை நோக்கி அமைந்த மலாக்கா, நம் நாட்டின் வரலாற்று நகரமாகும். 1400ஆம் ஆண்டளவில் பரமேசுவரன் இங்கு ஓர் அரசை நிறுவினார். 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமை நகரமாக அறிவித்தது. சுற்றுலா செல்வோர் நிழற்படம் எடுத்துத் திரும்பினால் மட்டும் போதாது. அந்நகரின் கற்கள் கூறுவதையும் கேட்டல் வேண்டும்.

மலாக்கா ஏன் சிறந்தது? காற்றே காரணம். ஒரு பருவக் காற்றில் வந்த கப்பல்கள், மறு பருவக் காற்று வீசும்வரை இங்குக் காத்திருந்தன. சோழமண்டலக் கரைத் துணிகளும், சீனத்துப் பட்டும், மலுக்குத் தீவுகளின் கிராம்பும் இங்குக் கைமாறின. வணிகரைக் கவனிக்க நான்கு துறைமுகத் தலைவர்கள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் தமிழ் வணிகரையும் கவனித்தார்.

முதலில் டச்சு சதுக்கத்தைக் காண்போம். செந்நிற ஆளுநர் மாளிகையும், 1753இல் கட்டி முடிக்கப்பட்ட கிறிஸ்து தேவாலயமும் இங்குள்ளன. பின்புறக் குன்றில் ஏறினால், போர்த்துக்கீசியர் 1521இல் எழுப்பிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. மறுபக்கம் இறங்கினால் கோட்டை வாயில் ஒன்று தெரியும். 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் கட்டிய பெருங்கோட்டையில், 1807இல் ஆங்கிலேயர் இடித்ததுபோக எஞ்சியது இதுவே. வாயிலின்மேல் காணும் 1670 என்னும் எண், 1641இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்ததற்குச் சான்றாகும். இதன் அருகிலுள்ள திடலில்தான், 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், துங்கு அப்துல் ரகுமான் விடுதலை நாளை அறிவித்தார்.

இனி ஆற்றுப் பாலத்தைக் கடப்போம். தட்டார் தெருவில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் உள்ளது. சில அடி தொலைவில், இந்திய முஸ்லிம் வணிகர் 1748இல் அமைத்த பள்ளிவாசல். அதனை அடுத்துச் சீனர் கோயில். மணியோசையும் பாங்கொலியும் ஊதுபத்தி மணமும் ஒரே தெருவில் கலந்து வாழ்கின்றன.

விநாயகர் ஆலயத்தை எழுப்பியவர்கள் மலாக்கா செட்டிகள். வணிகத்திற்கு வந்து, இம்மண்ணின் பெண்களை மணந்து, இங்கேயே வேரூன்றியவர்கள். காஜா பேராங்கில் அவர்தம் கிராமத்தை இன்றும் காணலாம். மாரியம்மன் திருவிழாவும் பொங்கலும் அவர்களிடம் மறையவில்லை. ஆனால், தாயகத்தோடு தொடர்பு அறுந்தமையால் வீட்டுமொழி மலாயாயிற்று.

இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகள் வழிபாட்டைக் காத்தது பெரும் சாதனையே. எனினும், இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. தமிழர் இந்நாட்டிற்குப் பால்மரத்தோடுதான் வந்தனர் என்பது தவறு. கடல்வழி வணிகராய் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வந்தனர். பால் வெட்டும் பெற்றோரின் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்க இவ்வொன்று போதும். மற்றொன்று: மொழி தானாக நிலைப்பதில்லை. வீட்டில் பேசி, பள்ளியில் பயின்றால்தான் நிலைக்கும்.

பெற்றோர்களே! வாய்ப்புக் கிட்டும்போது பிள்ளைகளை மலாக்காவிற்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பியதும், கண்டவற்றைத் தமிழில் எழுதச் செய்யுங்கள்.