அடிச்சுவடும் ஆணி வரிசையும்

மலைக்காட்டில் மறைந்து கிடந்த குற்றத்தை இளஞ்சாரணர் துப்பறிந்து வெளிப்படுத்திய கதைகளை நம்மிற் பலர் ஆவலோடு படித்திருக்கின்றோம். அவற்றுட் பெரும்பாலன கற்பனையே. ஆயினும், சாரண இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், 1908-ஆம் ஆண்டிற் சிறுவர்க்கென வெளியிட்ட தம் நூலில், மெய்யாகவே நிகழ்ந்த ஒன்றைப் பாடமாக எடுத்துரைத்தார்.

இங்கிலாந்தின் வடகோடியிலுள்ள நார்தம்பர்லாந்துக் குன்றுகளிடையே எல்ஸ்டன் என்னும் சிற்றூர் உளது. 1791-ஆம் ஆண்டில் அதனருகே வாழ்ந்த மார்கரெட் குரோசியர் என்னும் மூதாட்டி தம் இல்லத்திற் கொலையுண்டார். கண்ணாற் கண்ட சான்று இல்லை. ஆனால் ராபர்ட் ஹிண்ட்மார்ஷ் என்னும் இடைச்சிறுவன், மேய்ச்சல் நிலத்தின் வழியே வருங்கால், கால்களை நீட்டியமர்ந்து உணவருந்திய நாடோடி ஒருவனைக் கண்டிருந்தான்; அவனுடைய பூட்ஸின் அடித்தோலில் ஆணிகள் அமைந்த விதத்தையும் மனத்திற் பதித்திருந்தான். கொலை நிகழ்ந்த வீட்டருகே பதிந்திருந்த சுவட்டிலும் அதே வரிசை காணப்பட்டது. வில்லியம் வின்டர் என்னும் அந்நாடோடியும், அவனுடனிருந்த பெண்கள் இருவரும் 1792-இல் நியூகாசிலில் தூக்கிலிடப்பட்டனர். வின்டரின் உடலை எல்ஸ்டனுக்கு அண்மையில் ஒரு மேட்டிலே தொங்கவிட்டனர். அதனை நினைவூட்டும் தூக்குமரம் ஒன்று இன்றும் அங்கு நிற்கின்றது.

அவ்வுடலைக் கண்ட சிறுவன், தன்னால் ஓர் உயிர் மாய்ந்ததே எனப் பெரிதும் துயருற்றான் என்று பேடன் பவல் எழுதுகின்றார். கதையின் விறுவிறுப்பில் இவ்விடத்தை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். யாமோ இதுவே பாடத்தின் உயிர்நிலை என்போம். அவன் கண்டது ஆணிகளை, கொலையைக் கண்டிலன். எண்ணிக்கையில் ஓர் ஆணி பிழைத்திருப்பின் என்னாகும்? காணாமற்போன ஒட்டகத்தைப் பாராமலே, அதன் ஒற்றைக்கண்ணையும் நொண்டிக்காலையும் சரியாகக் கூறிய நால்வர் கதை நம் நாட்டிலும் வழங்குகின்றதன்றோ? சரியாகக் கூறியதனாலேயே அவர்கள் கள்வரென ஐயுறப்பட்டனர்!

நம் மாத்தூரில் மலையில்லை. மணலித் தொழிற்சாலைகளின் புகைபோக்கிகளே நமக்குச் சிகரங்கள். எனினும் சுவடறியும் பயிற்சிக்கு ஏரிக்கரை போதும். மழை ஓய்ந்த மறுநாட் காலை, ஈரம் புலராமுன் செல்க. கதிரவன் தாழ்ந்திருக்கும்போது, சுவடு நமக்கும் கதிரவனுக்கும் இடையே அமையுமாறு நின்றால், நிழலால் அதன் விளிம்பு தெளிவாகத் தோன்றும். ஓடியவன் சுவட்டில் விரற்பகுதி ஆழ்ந்திருக்கும். சைக்கிள் திரும்பிய இடத்தில், பின்சக்கரத்தின் கோடு முன்சக்கரத்தின் கோட்டுக்கு உட்புறமாகச் செல்லும். கொக்கின் அடியில் முன்னே மூன்று விரல்களும் பின்னே ஒன்றும் பதிந்திருக்கும்.

குறிப்பேட்டின் இடப்பக்கத்திற் கண்டதையும் வலப்பக்கத்திற் கருதியதையும் எழுதுக. 'ஆட்டின் ஒரு சுவடு மேலோட்டமாக உளது' என்பது இடப்பக்கத்திற்குரியது. 'ஆடு நொண்டி' என்பதை, அவ்விடத்து மண்ணே கெட்டியாயிருந்ததோ எனக் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்த பின்னரே வலப்பக்கத்தில் எழுதலாம்.