தலைச்சன் பிள்ளையும் தலைமுறை நம்பிக்கைகளும்

ஒரு வீட்டில் பெண்ணொருத்தி முதன்முறையாகக் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி தெரிந்த கணத்திலிருந்து, பாட்டியும் அத்தையும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு மாமியுமாகப் பிள்ளை பெற்று வளர்த்த அநுபவசாலிகள் அனைவரும் அவளைச் சூழ்ந்துகொண்டு, எதை உண்ணலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது வெளியே போகலாம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது நம் நாட்டில் தொன்றுதொட்டு நடந்துவருவது. அந்த யோசனைகளுக்கெல்லாம் அடிப்படை வாத்சல்யமே. பக்கத்தில் ஆஸ்பத்திரியும் இரத்தம் ஏற்றும் வசதியும் இல்லாமல், பிரசவம் பெண்ணுக்கு மறுபிறவி என்று ஊரே நடுங்கிய காலத்தில், கையில் வேறு ஆயுதம் ஏதுமின்றித் தன் பெண்ணைக் காப்பாற்ற முயன்ற தாய்மார்கள் கண்டதையும் கேட்டதையும் கொண்டு கட்டிய வேலி அது. ஆகையால் அவற்றை எள்ளி நகையாடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஆயினும் ஒரு நம்பிக்கையைச் சீர்தூக்கிப் பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கர்ப்பிணிக்கு வேண்டிய ஆகாரத்தையோ மருந்தையோ, வைத்தியரிடம் போய்ச் சேர வேண்டிய நேரத்தையோ அது அவளிடமிருந்து பறிக்கிறதா? பறிக்காத நம்பிக்கை வீட்டோடு இருந்துவிட்டுப் போகட்டும். பறிப்பதை மட்டும் விட்டுவைக்கலாகாது.

மூன்று மாதம் நிறையும் முன் கருவுற்றதை வெளியே சொல்லக்கூடாது, சொன்னால் திருஷ்டி பட்டுக் கரு தங்காது என்பது பெரும்பாலான குடும்பங்கள் கைக்கொள்ளும் முதல் நியமம். தொடக்க மாதங்களில் கரு கலைவது அதிகம் என்பதைக் கண்ணாரக் கண்ட முன்னோர், அந்தத் துக்கத்தை ஊரறிய அநுபவிக்க வேண்டாமே என்று இதை வகுத்திருக்கக்கூடும். அவ்வாறு கலைபவற்றில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் அமைப்பிலேயே நேர்ந்துவிட்ட பிழையால் கலைகின்றன. யாருடைய கண்ணும் அதற்குக் காரணமன்று, அவள் மாடிப்படி ஏறியதும் காரணமன்று. தன்னையே நொந்துகொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும். ஊராரிடம் சொல்லாதிருப்பதால் நஷ்டமில்லை. கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லாதிருப்பதில்தான் நஷ்டம். 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்துகொண்டால், இரத்தமும் இரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழ்நாடு அரசு வழங்கும் 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்கும் அந்தப் பதிவே வாசல். அதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. அதாவது மாதவிலக்கு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆகும்போதே அந்தப் பெருங்காரியம் முடிந்துவிடுகிறது. 1991ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் வெளியிட்ட ஆய்வில், இக்குழல் மூடாத குழந்தையை முன்னர் ஈன்ற தாய்மாருக்குக் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்ததால், அக்குறை மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்தது. ஆகவே பிள்ளை வேண்டும் என்று தீர்மானித்த தம்பதிகள், கரு உருவாகும் வரை காத்திராமல், வைத்தியரைக் கேட்டு நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை மனைவி எடுத்துக்கொள்ளும்படி செய்வதே பிள்ளைப்பேற்றுக்கான ஆயத்தத்தின் மெய்யான ஆரம்பம்.

பப்பாளியையும் குங்குமப்பூவையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழுக்காத பப்பாளியின் பாலில் கருப்பையைச் சுருங்கச் செய்யும் பொருள் உண்டென்றும், நன்கு பழுத்த பழத்தால் அந்த விளைவு இல்லையென்றும் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. காயை விலக்கிய மூதாட்டி சொன்னது பாதி சரி. குங்குமப்பூ பாலுக்கு மணம் தரும். குழந்தைக்கு நிறம் தராது. தோலின் நிறத்தைத் தாய் தந்தையரின் மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அந்தச் சிறு டப்பாவுக்குக் கொடுக்கும் பணத்தில் முட்டையும் பயறும் கீரையும் பல நாட்களுக்கு வாங்கலாம் என்பது ஒருபுறமிருக்க, இன்னும் பிறவாத பிள்ளை கறுத்துவிடுமோ என்று இப்போதே கவலைப்படும் மனப்பான்மையைத்தான் முதலில் வீட்டை விட்டு அகற்ற வேண்டும். கிரகணம் கருவைத் தீண்டாது. ஆனால் கிரகண காலம் முழுவதும் தண்ணீர்கூடக் கொடாமல் கர்ப்பிணியை இருட்டறையில் அடைத்துவைத்தால், அந்தத் தாகமும் மயக்கமும் அவளை நிச்சயம் தீண்டும்.

மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். மாங்காயும் புளியும் கேட்கும்வரை அந்த நம்பிக்கையால் அவளுக்கு லாபமே. ஆனால் அவள் யாரும் பாராத வேளையில் சுவரின் காரையையும் அடுப்புச் சாம்பலையும் மண்ணையும் தின்கிறாள் என்றால், அதை மசக்கை என்று சிரித்துத் தள்ளிவிடக்கூடாது. உடம்பில் இரும்புச் சத்து வற்றியவர்களுக்கு இத்தகைய விபரீத ருசி உண்டாவதை வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். அவளுக்கு உடனே வேண்டுவது ஹீமோகுளோபின் பரிசோதனை.

இரும்புச் சத்து மாத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் பெண்களுக்கு மிகுந்த தீங்கு செய்யும் நம்பிக்கை இதைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைநிறையக் கொடுத்தனுப்பும் அட்டைகள், எத்தனையோ வீடுகளில் அலமாரியின் மேல்தட்டில் துணிமடிப்புக்கு அடியில், ஒரு குழிகூடப் பிரிக்கப்படாமல், ஒன்பதாம் மாதம் வரை அப்படியே கிடக்கின்றன. கேட்டால், மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்பார்கள். பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டப்படும் என்பார்கள். மலம் கறுப்பாகப் போனதே, அது பிள்ளைக்கும் ஏறியிருக்காதா என்று வெள்ளை மனத்தோடு கேட்பார்கள். உடம்பு ஏற்றுக்கொண்டது போக எஞ்சிய இரும்பே மலத்தைக் கறுக்கச் செய்கிறது. அதற்கும் குழந்தையின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. இரத்தம் குறைந்த தாய், பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் தாங்கமாட்டாள். ஏனையோர் பிழைத்து எழும் நிலையில் அவள் உயிருக்குப் போராடுவாள்.

இந்த மாத்திரையின் சரித்திரத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1928இல் இந்தியா வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயின் ஆலைத் தொழிலாளப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் பீடித்த கடுமையான இரத்தசோகையின் காரணத்தைத் தேடி, குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் இன்றும் அழைக்கும் திருவல்லிக்கேணி மருத்துவமனையிலும் தங்கி ஆராய்ந்து, ஈஸ்ட்டிலிருந்து எடுத்த சத்து அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சத்தில் ஒளிந்திருந்த பொருளே பிற்காலத்தில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. இன்று அரசு கொடுக்கும் ஒரே மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாட்கள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் என்பது கணக்கு. காப்பி, தேநீரோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு ஒதுக்க வேண்டும். குமட்டுகிறது என்றால் நிறுத்திவிடாமல் இரவு உணவுக்குப் பின் எடுத்துக்கொள்ளலாம்.

ஆகார விஷயத்தில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு உபதேசங்கள் ஒரே வீட்டில் வழங்குவதைக் காண்கிறோம். இரண்டு உயிருக்குச் சாப்பிடு என்கிறார் ஒருவர். வயிற்றுப் பிள்ளை பெருத்துவிடும், குறைத்துக்கொள் என்கிறார் மற்றொருவர். கர்ப்பிணிக்கு அதிகப்படியாக வேண்டுவது நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரியே என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்திருக்கிறது. ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு தம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் ஏறக்குறைய அதை ஈடுசெய்துவிடும். பட்டினி கிடப்பதால் பிரசவம் சுலபமாவதில்லை. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த நோஞ்சான் குழந்தை பிறக்கும் அபாயமே கூடும். பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று கர்ப்ப காலத்துச் சர்க்கரை நோய். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் முயற்சியால் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பரிசோதனை இதற்கு எளிய வழி: 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு வருகிறது. இந்தச் சம்பிரதாயத்தை நான் மனமார ஆதரிக்கிறேன். இரு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, கலந்த சாதங்கள் பரிமாறி ஊர்ப்பெண்கள் வாழ்த்தும்போது, தலைப்பிரசவத்தை எண்ணி உள்ளூர நடுங்கும் பெண்ணுக்குக் கிடைக்கும் தைரியத்தை எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது. வளையோசை சிசுவுக்குக் கேட்கும் என்பதிலும் உண்மை இருக்கிறது. ஆறாம் மாதம் கடந்த சிசுவின் செவி வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. பிறந்து மூன்று நாட்களுக்குள்ளாகவே குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து விரும்புகிறது என்பதை, அது ரப்பர்க் காம்பைச் சப்பும் விதத்தைக் கொண்டே டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1980இல் நிரூபித்தார்கள்.

ஏழாம் மாதத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்ற கொள்கை வேறு ரகம். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் நூல் தொகுதியிலேயே எட்டு மாதக் குழந்தையைப் பற்றித் தனி நூலொன்று இருக்கிறதென்றால், இந்தப் பிழையின் வயதை ஊகித்துக்கொள்ளலாம். ஏழிலும் எட்டு மேல், எட்டிலும் ஒன்பது மேல். கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் சிசுவின் நுரையீரலுக்குப் பலம். எட்டாம் மாதத்தில் வலி கண்டால், இது எப்படியும் தங்காது என்று மனம் சோர்ந்து வீட்டில் உட்கார்ந்துவிடுவது பெரும் பாவம். அந்த நிலையில் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி சிசுவின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்யும் என்று 1972இலேயே நியூஸிலாந்தின் லிக்கின்ஸும் ஹௌவியும் காட்டிவிட்டார்கள். இதற்கு நேர் எதிரான மூடத்தனம் ஒன்று இக்காலத்தில், அதுவும் படித்த குடும்பங்களில், பரவிவருகிறது. நல்ல நட்சத்திரமும் லக்கினமும் கூடும் முகூர்த்தத்தைக் குறித்துக்கொண்டு வந்து, அந்த நாழிகையில் வயிற்றை அறுத்துக் குழந்தையை எடுக்கச் சொல்கிறார்கள். தக்க மருத்துவக் காரணமின்றி 39 வாரம் நிறையும் முன் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம். மூச்சுக்குத் தவிக்கும் சிசுவுக்கு எந்த லக்கினம் துணை நிற்கும்?

கடைசி மாதங்களில் நேரத்தைப் பறிக்கும் நம்பிக்கைகள் மூன்று. கால் வீங்கினால் நீர் கோத்திருக்கிறது, பார்லிக் கஞ்சி குடித்தால் வடிந்துவிடும் என்பது ஒன்று. கால் வீக்கம் மட்டுமானால் பெரும்பாலும் கெடுதலில்லை. முகமும் கையும் வீங்கி, விடாத தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்தால், அல்லது இரத்த அழுத்தம் 140க்கு 90ஐத் தொட்டால், அது ஜன்னி காணப்போவதற்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். மக்னீசியம் சல்பேட் ஊசி அந்த ஜன்னியின் அபாயத்தைப் பாதியாகக் குறைப்பதை 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வு உறுதிப்படுத்தியது. கஞ்சியைக் காய்ச்சிக்கொண்டிருந்தால் ஊசிக்கு நேரமிராது. வலி கண்டால் சூட்டுவலியாக இருக்கும், சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்க்கலாம் என்பது இரண்டாவது. நாள் நிறைந்தவளுக்குக் கொடுத்துப் பார்ப்பதில் பிழையில்லை. 37 வாரம் நிறையாதவளுக்கு வலி விட்டுவிட்டு ஒழுங்காக வருமானால், கஷாயம் வேண்டாம், வண்டி பிடியுங்கள். மூன்றாவது, எல்லாவற்றிலும் கொடியது: மாதம் நிறைந்தால் பிள்ளைக்கு இடம் போதாது, அசைவு குறையத்தான் செய்யும் என்பது. இடம் நெருங்குவதால் துள்ளலின் தன்மை மாறலாம், உருள்வதும் நெளிவதும் அதிகமாகலாம், அசைவு குறையலாகாது. வழக்கமாகப் புரளும் பிள்ளை இன்று அடங்கிக் கிடக்கிறது என்று தாய்க்குத் தோன்றினால், விடியட்டும் என்று பொறுக்காமல், வெள்ளிக்கிழமை, அஷ்டமி என்று பாராமல், அந்த இரவிலேயே புறப்பட வேண்டும். 108க்கு அழைத்தால் வண்டி இலவசமாக வரும்.

பிறவாத பிள்ளைக்குத் துணி வாங்கி வைக்கலாகாது என்று தடுப்பவர்களோடு வழக்காட வேண்டாம். துவைத்த பழைய பருத்தி வேட்டியே பச்சைக் குழந்தைக்கு உத்தமம். மகப்பேறு அட்டையையும், இரத்தம் கொடுக்கச் சம்மதித்த இரண்டு பேரின் தொலைபேசி எண்களையும் 36ஆம் வாரத்துக்குள் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டால் போதும்.

இனி ஒரே ஒரு வேண்டுகோள். அது பேத்தியின் தலைப்பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் பாட்டிமாருக்கும் தாத்தாமாருக்கும் உரியது. குழந்தையை ஏந்தியவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ நாக்கில் தொட்டுச் சேனை வைக்க உங்கள் கை துடிக்கும். தேனில் இருக்கக்கூடிய நுண்கிருமி ஒரு வயது நிறையாத குழந்தையின் நரம்புகளை முடக்கவல்லது. கழுதைப்பாலும் தண்ணீரும் கிருமியைச் சுமந்து வருபவை. மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பால் கெட்ட பாலென்று உங்கள் காலத்தில் பீய்ச்சிக் கொட்டினார்கள். நோயை எதிர்க்கும் சக்தி அதில்தான் செறிந்திருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போடுங்கள். ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை.