எது சரியான எடை?

மருமகளுக்கு அடிக்கடி தலைசுற்றல். மாமியார் அவளைத் துணை சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். நர்சம்மா எடை பார்த்தார். 38 கிலோ. மாமியாரும் எடைக் கருவியில் ஏறினார். 60 கிலோ. இருவரும் ஒரே உயரம்: 150 செ.மீ.

"பூசினாப்பல இருந்தாத்தானே லட்சணம்? இவதான் நோஞ்சான்" என்றார் மாமியார்.

"அம்மா, உங்க ரெண்டு பேர் எடையும் சரியில்லை" என்றார் நர்சம்மா.

மாமியார் சொன்னது பழைய எண்ணம். அதற்குக் காரணம் உண்டு. நம் நாடு பல பஞ்சங்களைக் கண்டது. 1943இல் வங்காளப் பஞ்சத்தில் பல லட்சம் பேர் இறந்தார்கள். அன்று பருத்த உடம்பு வசதியின் அடையாளம். இன்று நடை குறைந்துவிட்டது. எண்ணெயும் சர்க்கரையும் கூடிவிட்டன.

2019-21இல் தேசிய குடும்ப நல ஆய்வு நடந்தது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 24 பேருக்கு எடை அதிகம். சுமார் 19 பேருக்கு எடை குறைவு.

கணக்குப் போடுவோம்

உயரம் 150 செ.மீ. அதாவது 1.5 மீட்டர்.
1.5 × 1.5 = 2.25
எடையை இதனால் வகுக்க வேண்டும்.
மாமியார்: 60 ÷ 2.25 = 26.7
மருமகள்: 38 ÷ 2.25 = 16.9

18.5க்குக் கீழே இருந்தால் எடை குறைவு.
18.5 முதல் 22.9 வரை சரியான எடை.
23 முதல் எடை அதிகம்.
25 முதல் உடல் பருமன்.

உலக அளவில் 25 முதல்தான் எடை அதிகம் என்பார்கள். இந்தியர்களுக்கு வயிற்றில் கொழுப்பு எளிதில் சேரும். சர்க்கரை நோயும் சீக்கிரம் வரும். அதனால் 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 என்று வகுத்தார்கள். இந்தக் கணக்கு பெரியவர்களுக்கு மட்டுமே. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பொருந்தாது.

எடை மிகுந்தால் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் வரலாம். எடை குறைந்தால் உடம்பில் வலு இருக்காது. கர்ப்பமானால் குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

"வீட்டுல யார் கடைசியாச் சாப்பிடுறது?" என்று நர்சம்மா கேட்டார். மருமகள் தலை குனிந்தாள். மாமியார் பதில் பேசவில்லை.

மருமகளுக்கு இரத்தச் சோதனை செய்தார்கள். மாமியாருக்குச் சர்க்கரைச் சோதனை செய்தார்கள்.

அன்று இரவு மருமகள் சோறு பரிமாற வந்தாள். மாமியார் இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

"நீயும் உட்காரும்மா. காலையில ரெண்டு பேரும் நடந்துட்டு வருவோம்" என்றார்.

"சரிங்க அத்தை" என்றாள் மருமகள்.

பேசுவோம்

1. உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? ஏன்?
2. உங்கள் உயரம், எடை என்ன? கணக்குப் போட்டு எழுதுங்கள்.